அரண்மனையில் எத்தனை மணி நேரம்?

மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியாவைப் பார்க்க வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் ஒன்று தெரியும். வளைவுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் கடலுக்கும் வளைவுக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, எதிரே இருக்கும் தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டலின் சிவப்புக் குவிமாடத்தோடு இன்னும் நாலைந்து படங்கள். இதில் அநியாயம் எதுவும் இல்லை. இரண்டில் மூத்தது ஹோட்டல்தான். அது திறந்தது 1903 டிசம்பர் 16-ஆம் தேதி. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பிய வளைவு 1924 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. நடுவில் இருபத்தோரு வருடம், கப்பலில் வந்தவர்களுக்கு பம்பாய் என்றால் முதலில் தெரிந்தது இந்த ஹோட்டல்தான்.

அதனால் மும்பைக்கு இரண்டு நாள் போய்வரலாம் என்று ஒரு குடும்பம் பேச ஆரம்பித்தால், யாராவது ஒருவர் "தாஜ்ல தங்கினா என்ன?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். எங்கள் வீட்டில் கேட்டது பத்து வயது மகன். அவனுக்கு அதைக் கட்டிய ஜாம்ஷெட்ஜி டாட்டாவும் தெரியாது, கட்டடக்கலையும் தெரியாது. நீச்சல் குளம் இருக்கிறது என்று தெரியும். கணவர் "பார்க்கலாம்டா" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், அம்மா கணக்குப் போட்டுச் சொல்லட்டும் என்பது.

போனவர்கள் ஐந்து பேர். நாங்கள் இருவர், மகன், நாலு வயது மகள், எழுபதைத் தாண்டிய அத்தை. வெள்ளிக்கிழமை காலை சென்னையில் விமானம் ஏறி, ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்புவதாகத் திட்டம்.

நான் கணக்கை ரூபாயில் ஆரம்பிக்கவில்லை, மணியில் ஆரம்பித்தேன். பெரிய ஹோட்டல்களில் பெரும்பாலும் மதியம் 2 மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். கிளம்பும் நாளில் பகல் 12-க்குள் காலி செய்ய வேண்டும். வெள்ளி 2 மணியிலிருந்து ஞாயிறு 12 மணி வரை 46 மணி நேரம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரிக்கும் தூக்கம் 18 மணி என்று ஒதுக்கலாம். வெள்ளி மாலை வெளியே ஐந்து மணி நேரம், சனிக்கிழமை காலையும் மாலையும் சேர்த்து ஒன்பது, ஞாயிறு காலை நான்கு. அதுவும் 18. ஆக, கண்ணைத் திறந்துகொண்டு ஹோட்டலுக்குள் இருக்கப்போவது 10 மணி நேரம். அந்தப் பத்திலும் குளிப்பது, துவைத்ததைக் காயப்போடுவது, ஒரு சாக்ஸைத் தேடுவது, பெட்டி கட்டுவது எல்லாம் அடக்கம்.

இனி ரூபாய். ஓர் அறை ஓர் இரவுக்கு 30,000 என்று வைத்துக்கொள்வோம். தேதிக்குத் தேதி இது ஏறும், இறங்கும்; டிசம்பர் கடைசி வாரத்தில் ஏற்றம் மட்டும்தான். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டிய அறைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 35,400 ஆயிற்று. ஐந்து பேருக்கு ஓர் அறை தரமாட்டார்கள், இரண்டு வேண்டும். இரண்டு இரவுக்கு 1,41,600 ரூபாய். நாலு தெரு தள்ளி, சுத்தமான, பெயர் தெரியாத ஒரு ஹோட்டலில் 6,000 ரூபாய் அறை எடுத்தால், 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 வரைக்குமான வரி 5 சதவீதம்தான் என்பதால், இரண்டு அறை, இரண்டு இரவு, எல்லாம் சேர்த்து 25,200. வித்தியாசம் 1,16,400 ரூபாய். விழித்திருக்கும் பத்து மணி நேரத்துக்கு வகுத்துப் பார்த்தால், மணிக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கொடுக்கிறோம். ஒரு சாக்ஸைத் தேட.

கணக்கு இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்கமாட்டேன். இது எல்லோருக்கும் ஒரே கணக்கு என்று எடுத்துக்கொண்டதில்தான் ஓட்டை. மகனும் கணவரும் எலிஃபெண்டா தீவுக்குப் போக ஆசைப்பட்டார்கள். கேட்வேயிலிருந்து படகில் ஒரு மணி நேரம். இறங்கி நடந்து, நூற்றுக்கு மேல் படி ஏறினால் ஆறாம் நூற்றாண்டுக் குகையும், ஆறு மீட்டர் உயரத்துக்கு மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டிய மும்முகச் சிவனும். திங்கட்கிழமை விடுமுறை, அது எங்களுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை படி. டோலியில் தூக்கிக்கொண்டு போக ஆள் உண்டு என்றதும் அத்தை, "என்னை நாலு பேரு தூக்க இப்ப என்ன அவசரம்?" என்றார். எனவே சனிக்கிழமை காலை அத்தையும் மகளும் கரையில். மதியம் இருவருக்கும் தூக்கம் உண்டு. ராத்திரி ஏழு மணிக்கு மேல் இருவருக்கும் வெளியே வேலை இல்லை. வயதில் எழுபது வருட இடைவெளி இருந்தாலும் கிழவிக்கும் குழந்தைக்கும் ஒரே கால அட்டவணை. அவர்கள் இருவரையும் வைத்துக் கணக்குப் போட்டால், பத்து மணி நேரம் இருபதைத் தாண்டிவிடும். துணைக்கு உட்கார்ந்திருக்கப்போகும் எனக்கும் அதே.

ஹோட்டல் யாருக்காக என்ற கேள்விக்கு இப்படித்தான் விடை வந்தது. ஊர் சுற்றுகிறவனுக்கு எந்தக் கட்டிலும் கட்டில்தான். திரும்பி வந்து படுக்கிறவருக்கும் போகாமல் தங்குகிறவருக்கும்தான் ஹோட்டல் வேண்டும். அவர்களுக்கு அந்த மணி நேரங்களில் என்ன வேண்டும் என்று பார்த்தால், வழுக்காத குளியலறை, சத்தமில்லாத ஏசி, ஏறி இறங்கத் தோதான உயரத்தில் கட்டில், அப்புறம் ஒரு ஜன்னல்.

குளியலறை விஷயத்தில் நட்சத்திரத்தை நம்பக்கூடாது. நட்சத்திரம் ஏற ஏற பளிங்கும் ஏறும். பளிங்கில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சில பெரிய ஹோட்டல்களில் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் ஷவரில் குளிக்க முடியும். முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு அதைவிட ஆபத்தான இடம் ஊரிலேயே இருக்காது. தரையோடு தரையாக இருக்கும் ஷவர் அறை, பிடிமானக் கம்பி, இவற்றை முன்பதிவின்போதே போனில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்வது நல்லது. வாளியும் மக்கும் கேட்பதற்கு வெட்கப்படவே கூடாது. எந்த அரண்மனையிலும் எங்கோ ஒரு வாளி வைத்திருப்பார்கள்.

இரண்டு அறைகளை நடுக்கதவால் இணைக்கும் வசதி உண்டா என்பதும் இப்படித்தான். "கோரிக்கை குறித்துக்கொள்ளப்பட்டது" என்று பதில் வந்தால் கிடைக்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நகரத்தில், நல்ல பெயரெடுத்த ஒரு ஹோட்டலில், எங்களுக்கு ஐந்தாம் மாடியில் ஓர் அறையும் ஒன்பதாம் மாடியில் ஓர் அறையும் கொடுத்தார்கள். மகள் அப்போது கைக்குழந்தை. அம்மாவுக்கும் பாட்டிக்கும் நடுவே ராத்திரி முழுக்க அவள் லிஃப்டில் பயணம் செய்தாள். துணைக்கு ஒவ்வொரு முறையும் அறைச் சாவி அட்டையோடு ஒரு தகப்பன்.

ஜன்னலுக்கு வருகிறேன். தாஜைப் பொறுத்தவரை விஷயமே அதுதான்.

அந்த ஹோட்டலைப் பற்றி இரண்டு கதைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்த வாட்சன் ஹோட்டலில் டாட்டாவை உள்ளே விடவில்லை, அந்த ரோஷத்தில் இதைக் கட்டினார் என்பது ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் தேடிய வரலாற்றாளர்களுக்கு ஒன்றும் சிக்கவில்லை. கட்டடத்தை முன்பின்னாகத் திருப்பிக் கட்டிவிட்டார்கள், அதைப் பார்த்த கட்டடக் கலைஞர் மாடியிலிருந்து குதித்துவிட்டார் என்பது மற்றொன்று. இது சுத்தப் பொய். சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி.என். மிர்சா ஆகியோர் தொடங்கியதை டபிள்யூ.ஏ. சேம்பர்ஸ் முடித்தார். வாசலை நகரத்தின் பக்கம் வைத்ததற்கு நியாயம் இருந்தது. குதிரை வண்டிகள் ஊருக்குள்ளிருந்துதான் வரும். பழைய வாசல் இருந்த முற்றத்தில்தான் இன்றைக்கு என் மகனைக் கூப்பிட்ட நீச்சல் குளம். ஜெர்மன் லிஃப்ட், அமெரிக்க மின்விசிறி, துருக்கிக் குளியல் என்று ஏகப்பட்ட தடபுடலோடு திறந்த அன்றைக்குத் தங்க வந்தவர்கள் 17 பேர். டாட்டா அடுத்த மே மாதமே காலமாகிவிட்டார். முதல் உலகப் போரில் அது 600 படுக்கை மருத்துவமனையாகவும் இருந்திருக்கிறது.

பக்கத்தில் உயரமாக நிற்கும் டவர் 1973-இல் வந்தது. முன்பதிவு செய்யும்போது 'பேலஸ்', 'டவர்' என்று இரண்டு வகை தெரியும், டவர் மலிவு. அதற்குள்ளும் நகரம் பார்த்த அறை, கடல் பார்த்த அறை என்று பிரிவு. தாஜில் தங்கிவிட்டு ஊர்ப் பக்கம் பார்த்த அறையை எடுப்பவர்கள் பில்லில் பெயருக்கு மட்டும் காசு கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். அந்த இடத்தின் மதிப்பு முழுக்கக் கடல் பக்கத்தில் இருக்கிறது. படகுகள் வந்து ஒட்டுவதும் விலகுவதும், புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி மொத்தமாக உட்காருவதும், பலூன்காரர்களும், பள்ளிக்கூடச் சுற்றுலா வரிசைகளும். அத்தை போன்ற ஒருவருக்கு அந்த ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தால் வேறு எந்த ஊர் சுற்றலும் வேண்டாம். ஆனால் இரண்டு அறையும் கடல் பார்த்து எடுத்தால் நான் மேலே போட்ட 30,000 காணாது.

மும்பையின் நில அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் சறுக்குவது இங்கேதான். ஊர் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. பார்க்க வேண்டிய பழைய பம்பாய் தெற்கு நுனியில். விமான நிலையம் அதற்கு வடக்கே இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில். விமான நிலையத்தைச் சுற்றி ஐந்து நட்சத்திர ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன, வார இறுதியில் தெற்கை விட விலையும் குறைவாக இருக்கும். 'பாதி விலையில் ஐந்து நட்சத்திரம்' என்று கண்ணைப் பறிக்கும். சுற்றுலாவாகப் போகும் குடும்பம் எடுக்கவே கூடாத அறை அதுதான். மதியம் ஒரு தூக்கம் போட அங்கே திரும்ப முடியாது. காலையில் கிளம்பினால் ராத்திரிதான் அறை. நடுவில் குழந்தை டாக்ஸியில் தூங்கும், பாட்டி மியூசியம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த நிலைமைக்குக் கொலாபா சந்தில் இருக்கும் சாதா அறை எவ்வளவோ மேல்.

பாந்த்ராவுக்கும் சயனுக்கும் தெற்கே ஆட்டோ கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். அதில் நாலு பேர் உட்காரலாம், நாங்கள் ஐந்து. நாலு வயதுக்காரி மடியில் என்று ஓட்டுநர்கள் பெரிய மனது பண்ணுகிறார்கள். 2025 அக்டோபரில் மெட்ரோவின் மூன்றாம் தடம் கஃப் பரேட் வரை முழுதாகத் திறந்துவிட்டார்கள். விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலேயே நிலையம் இருக்கிறது. ஹுதாத்மா சௌக்கில் இறங்கினால் அங்கிருந்து கொலாபா சின்ன டாக்ஸி தூரம். முன்பு ஒன்றரை மணி நேரம் வண்டிக்குள் வெந்த பயணம் இது. பெட்டிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்.

கொலாபாவில் தங்கினால் கால்நடையிலேயே எவ்வளவு முடிகிறது என்பது எனக்கே ஆச்சரியம். சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் பத்து நிமிட நடை. கேட்வேயை வரைந்த ஜார்ஜ் விட்டெட்தான் அதையும் வரைந்தார், 1922-இல் திறந்தது. அதைத் தாண்டினால் காலா கோடா, ஜஹாங்கிர் ஓவியக்கூடம், நீல வண்ணத்தில் யூதர்களின் தொழுகைக்கூடம், அப்புறம் ஓவல் மைதானம். மைதானத்துக்கு ஒரு பக்கம் உயர் நீதிமன்றமும் ராஜாபாய் மணிக்கூண்டும், எதிர்ப் பக்கம் ஆர்ட் டெகோ குடியிருப்புகள். விக்டோரிய காலமும் 1930-களும் நடுவில் கிரிக்கெட் ஆடவிட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கின்றன. 2018-இல் யுனெஸ்கோ இந்த மொத்தத் தொகுதியையும் பட்டியலில் சேர்த்தது.

மேலே சொன்ன வாட்சன் ஹோட்டலும் காலா கோடாவில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் வார்த்து, கப்பலில் கொண்டுவந்து, 1860-களின் கடைசியில் பூட்டி நிறுத்திய இரும்புச் சட்டக் கட்டடம். லூமியேர் சகோதரர்களின் படங்களை 1896 ஜூலை 7-ஆம் தேதி இந்தியாவில் முதன்முதலாகத் திரையிட்டது அங்கேதான். ஒரு காலத்தில் இந்த ஊரிலேயே உசத்தியான ஹோட்டல். இப்போது எஸ்பிளனேட் மேன்ஷன் என்று பெயர். பால்கனிகள் இற்றுப்போய், எப்போது என்ன ஆகுமோ என்ற நிலையில் நிற்கிறது. அதன் எதிரே நின்று மகனிடம், "இதுவும் ஒரு காலத்துல ஃபைவ் ஸ்டார்தான்" என்றேன். "இதுல பூல் இருந்துச்சா?" என்று கேட்டான்.

இனி காலைச் சாப்பாடு. 'பிரேக்ஃபாஸ்ட் இலவசம்' என்பதைப் போல் குறுகிய பயணத்தைக் கெடுக்கும் வசதி வேறில்லை. காசு கொடுத்தாயிற்றே என்று ஐந்து பேரும் குளித்து, உடுத்தி, எட்டரைக்கு இறங்கி, பத்து வரை தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்து, குழந்தைக்கு மூன்று வகை கேக் ஊட்டி, வயிறு கனத்து மேலே போய்ச் சாய்ந்தால் மணி பதினொன்று. மும்பை அழகாக இருக்கும் நேரம் அதற்குள் போய்விடும். விடிகாலையில் சசூன் டாக்கில் மீன் இறங்குவதையும், ஏழு மணிக்கு மரின் டிரைவில் நடப்பதையும், வெயில் ஏறுமுன் காலியாகக் கிடக்கும் கேட்வேயையும் இட்லி, தோசை, வாஃபிளுக்காக விட்டுக்கொடுத்திருப்போம். ஞாயிறு காலை நாங்கள் மாதுங்காவுக்குப் போனோம். 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நின்றோம். தமிழ், மலையாளம், கன்னடம், மராத்தி எல்லாம் கலந்து ஒரு கூட்டம். அத்தை அங்கே குடித்த ஃபில்டர் காபியைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார். பக்கத்தில் பூக்கடைகள். மல்லிகைச் சரத்தை முழம் போட்டு வாங்கி, தனக்கும் பேத்திக்கும் வைத்துக்கொண்ட பிறகுதான் மும்பைக்கு வந்ததாக அவருக்குத் தோன்றியது போலிருக்கிறது.

மும்பைக்குப் போகும் தமிழ்க் குடும்பத்துக்கு இன்னொரு சிக்கல், வெளிநாட்டுப் பயணக் கையேடுகள் எதிலும் வராத சிக்கல், உறவுக்காரர்கள். கணவரின் சித்தி செம்பூரில் இருக்கிறார், கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கேதான். விஷயம் தெரிந்ததும் போன் வந்துவிட்டது.

"வீடு ஒண்ணு இருக்கும்போது ஹோட்டலாம் ஹோட்டலு. எங்க வீட்டுல இடமில்லைன்னு யாரு சொன்னா?"

ஒரு படுக்கையறை, ஒரு கூடம். ஏற்கெனவே நாலு பேர். இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. "பிள்ளைங்க ராத்திரியில அழும் சித்தி, உங்களுக்குத் தொந்தரவு" என்று பிள்ளைகள் தலையில் பழியைப் போட்டோம். இங்கே ஹோட்டலின் தரம் ஒரு விதமாகப் புகுந்து விளையாடும். சாதாரண ஹோட்டலில் தங்கினால் "வசதிக்காகத் தங்குகிறார்கள்" என்று விட்டுவிடுவார்கள். தாஜில் தங்கினால் அதற்கு வேறு அர்த்தம் வரும். பார்க்க வருகிற சித்தி எவர்சில்வர் டிபன் கேரியரில் புளியோதரையும், பையில் முறுக்கு டப்பாவும் கொண்டுவருவார். வாசலில் ஸ்கேனர் வழியாக அந்தப் பை போக வேண்டும். உள்ளே வந்தவருக்குக் காபி சொல்லாமல் அனுப்ப முடியாது. விலை அட்டையைப் பார்த்துவிட்டால் அவர் குடிக்கமாட்டார். உறவு பார்ப்பதும் ஒரு காரணம் என்று பயணம் போகிறவர்கள், வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்காரும்படியான அறையை எடுப்பதே உத்தமம். நாங்கள் எடுத்த அறையில் சித்தி அப்படித்தான் உட்கார்ந்தார். கேரியரைத் திறந்து, ஹோட்டல் தட்டில் பரிமாறி, அறைப் பையனுக்கும் ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தார்.

ஆம், தாஜை எடுக்கவில்லை. பின் தெருவில், நடந்தால் ஐந்து நிமிடத்தில், இரண்டு அறை. ஏசி ஒழுங்காக இருந்தது. குளியலறைத் தரை சொரசொரப்பு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டிகளும், ஒரு கொடியில் யாருடைய சட்டைகளோவும். அத்தை ஒரு தரம் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடியவர்தான்.

ஜன்னலை மட்டும் தனியாக வாடகைக்கு எடுத்தோம். தாஜின் பழைய கட்டடத்தில் முதல் மாடியில் சீ லவுஞ்ச் என்று தேநீர்க் கூடம் இருக்கிறது. அங்கே தங்காதவர்களும் போகலாம். பிற்பகலில் சாண்ட்விச், கேக், சமோசா, பேல்பூரி என்று நீளும் தேநீர் விருந்து. கண்ணாடிக்கு வெளியே கேட்வேயும் துறைமுகமும். முன்கூட்டியே சொல்லி, ஜன்னலோர மேசைதான் வேண்டும் என்று வற்புறுத்தி, சனிக்கிழமை அலை மோதும் நேரத்துக்குச் சற்று முன்னால் போய் உட்கார்ந்தோம். மலிவில்லை. ஐந்து பேருக்கு ஆன பணத்தில் எங்கள் தெரு ஹோட்டலில் இன்னோர் இரவு தாராளமாகத் தங்கியிருக்கலாம். ஆனால் மேலே சொன்ன ஒரு லட்சத்துச் சொச்சத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

படகில் எலிஃபெண்டா போய்வந்து கறுத்திருந்த மகன், தட்டில் மூன்றாவது முறை நிரப்பிக்கொண்டான். மகள் நாற்காலியில் முழங்காலிட்டு மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டாள். அந்தக் கூடத்துக்கு நகரத்தில் ஒரு பெயர் உண்டு. மும்பையின் வசதியான குடும்பங்கள் பெண் பார்க்க, பையன் பார்க்க இங்கே சந்திப்பது பல தலைமுறை வழக்கம். அதை அத்தை காதில் போட்டதுதான் தாமதம், துறைமுகம் மறந்துபோயிற்று. இரண்டு மேசை தள்ளி ஒரு பையனும் பெண்ணும். சற்று எட்ட, பார்க்காதது போல் பார்த்துக்கொண்டு இரண்டு பெரியவர்கள். அத்தை கப்பை உதட்டில் வைத்தபடி பத்து நிமிடம் கவனித்தார்.

"ஆகாது."

"எப்படி அத்தை சொல்றீங்க?"

"அந்தப் புள்ள கேக்கை முழுசா சாப்பிட்டுட்டா. பிடிச்சிருந்தா சாப்பிட வாய் வருமா?"

வெளியே வரும்போது முகப்புக் கூடத்தில் ஒரு நினைவுச் சின்னம். 2008 நவம்பர் 26-ஆம் தேதி இரவு தொடங்கிய தாக்குதலில் அந்த ஹோட்டலுக்குள் உயிரிழந்தவர்களின் பெயர்கள். விருந்தாளிகளின் பெயரும் வேலை பார்த்தவர்களின் பெயரும் ஒன்றாகவே இருக்கின்றன. டவர் அடுத்த மாதமே திறந்தது. எரிந்துபோன பழைய கட்டடம் முழுதாகத் திறக்க 2010 ஆகஸ்ட் 15 ஆயிற்று. வாசலில் ஏன் இத்தனை சோதனை என்று காலையில் கேட்டிருந்த மகனுக்கு அங்கே நின்று சொன்னேன். நீச்சல் குளத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவில்லை என்று எழுத ஆசைதான். ராத்திரியே மறுபடி பேசினான்.

அப்படியென்றால் அந்த ஹோட்டல் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு உதவாதா என்றால், உதவும். அதற்குத் தகுந்த பயணமாக இருக்க வேண்டும். ஊரை ஏற்கெனவே பார்த்தவர்கள், ஓர் இரவு மட்டும், வெளியே எந்தத் திட்டமும் வைக்காமல், 2 மணி அடிக்கும்போது வாசலில் நின்று, மறுநாள் 12 வரை உள்ளேயே இருந்தால் கணக்கு தலைகீழாகும். தூக்கம் போக மிச்சமெல்லாம் ஹோட்டலில். குளத்துக்கு இரண்டு தரம் போகலாம், தங்குகிறவர்களுக்குப் பழைய கட்டடத்தைச் சுற்றிக்காட்டுவதைக் கேட்கலாம், காலைச் சாப்பாட்டில் பதினொன்று வரை உட்கார்ந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. எண்பது நிறைவது, ஐம்பதாவது திருமண நாள் என்று ஒரு காரணமும் இருந்துவிட்டால் வேறு கேள்வியே கேட்க வேண்டாம். பிள்ளைகள் ஓர் இரவையும் பல வருடம் ஞாபகம் வைத்திருப்பார்கள். இரண்டாவது இரவால் அந்த ஞாபகம் இரட்டிப்பாகாது, பில்தான் ஆகும்.

இன்னொன்று, பருவம். எல்லோரும் டிசம்பரில் போகிறார்கள். அப்போது வெளியே இருக்கத்தான் நன்றாக இருக்கும், அறைக்குள் அடைந்து கிடக்க அதிக விலை கொடுப்பதில் பொருளில்லை. ஜூலை, ஆகஸ்டில் மும்பை மழை தொடங்கினால் நாள் கணக்கில் விடாது. எலிஃபெண்டா படகு நினைத்த நேரத்தில் நின்றுவிடும், தெருவில் தண்ணீர், குடை திருப்பிக்கொள்ளும். ஊர் சுற்ற முடியாத காலம் என்பதால் பெரிய ஹோட்டல்களின் வாடகை அப்போது இறங்கும். கடல் கறுத்து, அலை சுவரில் மோதி ரோட்டில் விழும்போது, அதைப் பார்க்க மேலே ஒரு ஜன்னல் இருந்தால் அந்தப் பணத்துக்குப் பொருள் உண்டு.

கணவர் இப்போது ஆகஸ்டு வாடகைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓர் இரவு, பழைய கட்டடம், கடல் பக்கம். ஐந்து பேருக்கு இரண்டு அறை என்றுதான் இன்னமும் காட்டுகிறது. அத்தை மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார். தரையோடு தரையாகக் குளியலறை இருக்க வேண்டும், காலையில் மாதுங்காவுக்கு டாக்ஸி பிடித்துத் தர வேண்டும், செம்பூருக்குத் தகவல் போகக்கூடாது. மூன்றாவதுதான் நடக்காது. மகன் நேற்றே போனில் சொல்லிவிட்டான். சித்தி கேட்டாராம்: "அந்தக் குளத்துல வயசானவங்களை விடுவாங்களாடா?"